பால் குளியல் படம்: குழந்தையைத் தொட்டியில் இறக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வெள்ளை வெளேரென்ற பாலில் பூக்கள் மிதக்க, நடுவில் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் படம் வீட்டிலேயே எடுக்கக்கூடியதுதான். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: குழந்தை தண்ணீரில் சிரித்த முகத்தோடு இருப்பது ஏறத்தாழ பத்து நிமிடம். என் தங்கை மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, அவளை உட்கார வைத்த பிறகு பூக்களை அடுக்க ஆரம்பித்தேன். அதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. கீழுதடு நடுங்கியது, அடுத்த நொடி அழுகை. அன்று ஒரு படமும் தேறவில்லை.

நாளும் நேரமும்

சாயாமல் தானாக உட்காரும் குழந்தைக்குத்தான் இது எளிது. தொப்புள்கொடி விழாத பச்சிளங்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். சளி, காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள் என்றால் தள்ளிப்போடுங்கள். பசும்பால் ஒவ்வாமை இருந்தால் பாலைத் தொடாதீர்கள். தோலில் கரப்பான் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். தூங்கி எழுந்து, பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆன காலைப் பொழுதே நல்லது.

இடம்

வெயில் நேராக விழாத, வெளிச்சம் நிறைய வரும் சன்னலுக்குப் பக்கத்தில் தொட்டியை வையுங்கள். வெள்ளைத் தொட்டி என்றால் விளிம்பு தனியாகத் துருத்தித் தெரியாது. அடியில் வழுக்காத மிதியடி ஒன்றை விரியுங்கள். வயர் மாட்டிய விளக்கோ ஹீட்டரோ அருகில் இருக்கக் கூடாது.

பால்

தொட்டி நிறையப் பால் ஊற்ற வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. பத்து லிட்டர் வெந்நீருக்கு ஒரு லிட்டர் நிறைகொழுப்புப் பால் போதும். குழந்தை ஒரு வாயாவது குடித்துவிடும் என்பதால், பாலைக் காய்ச்சி ஆறவைத்தே ஊற்றுங்கள். கறந்த பச்சைப் பால் கூடாது. பால் பவுடர் என்றால் 125 கிராம். அதைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து வடிகட்டி ஊற்றினால் கட்டி மிதக்காது. கையை இரண்டு அங்குலம் அமிழ்த்திப் பாருங்கள். விரல்கள் தெரியாவிட்டால் பதம் சரி.

சூடு 37 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. உட்கார்ந்த குழந்தையின் தொப்புளுக்குக் கீழே நீர்மட்டம் நிற்க வேண்டும்.

பூ

நான் மிகவும் பிடிவாதமாக இருப்பது இதில்தான். அழகாக இருக்கிறதே என்று அரளியைப் போட்டுவிடாதீர்கள்; அது நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கு முதல் பூ வரை நஞ்சுதான். ஊமத்தையும் உண்ணிப்பூவும் அப்படியே. கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் வீட்டுத் தோட்டத்து ரோஜாவும் செம்பருத்தியுமே என் தேர்வு. முள்ளையும் காம்பையும் நறுக்கி, அலசிப் போடுங்கள். உதிரி இதழ்கள் வாய்க்குள் போய் ஒட்டிக்கொள்ளும். முழுப் பூவாக, பெரிதாக, நாலைந்து போதும். அவற்றையும் குழந்தையின் கைக்கு எட்டாத ஓரமாக மிதக்கவிடுங்கள்.

படம்

குழந்தை இல்லாமலே, ஒரு பொம்மையை உட்கார வைத்து வெளிச்சத்தைச் சரிபாருங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) +0.7 அளவு கூட்டுங்கள். கைப்பேசி என்றால் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். கை அடிக்கிற வேகத்துக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம். மேலிருந்து எடுப்பதாக இருந்தால் கேமராப் பட்டை கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

டயப்பர் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத் துணியை இடுப்பில் கட்டுங்கள். நாளை படத்தை உறவினர்களுக்கு அனுப்பும்போதும் அதுவே பிள்ளைக்கு மரியாதை.

அந்தப் பத்து நிமிடம்

எடுப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். இருவர் இல்லையென்றால் எடுக்காதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், சத்தமே வராது. பிடிப்பவரின் கை பாலுக்கு அடியில் குழந்தையின் இடுப்பைத் தாங்கியே இருக்கட்டும். பால் அந்தக் கையை மறைத்துவிடும்; படத்தில் குழந்தை தானே உட்கார்ந்திருப்பதுபோல்தான் தெரியும். அம்மா பாடினால் முகம் மலரும், அப்போது விடாமல் எடுங்கள். உதடு பிதுங்கினால், நல்ல படம் கிடைக்காவிட்டாலும் தூக்கிவிடுங்கள்.

உடனே வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் பால் தங்கினால் புளித்துத் தோல் சிவக்கும். அங்கெல்லாம் விரலால் விலக்கி அலசி, ஈரம் ஒற்றி எடுத்துவிட்டு, அம்மாவின் மடியில் கொடுங்கள். எடுத்த படங்களைக் குழந்தை தூங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.