மலை மேல் ரிப்பீட்டருக்கு சோலார்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் லைசென்ஸ் புதிதாக வாங்கியவர். நண்பர்களோடு சேர்ந்து ஒரு குன்றின் மேல் விஎச்எஃப் ரிப்பீட்டர் (சின்ன செட்டில் பேசுவதை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவி) வைக்கப் போகிறார்கள், அங்கே கரண்ட் கிடையாது. எடுத்த எடுப்பில் கேட்டது, "அண்ணே, எத்தனை ஏஎச் பேட்டரி போடலாம்?" (ஏஎச் என்பது ஆம்பியர்-மணி: ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏஎச்.)

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் மேல் இல்லை, என் மேல்தான். நானும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன்.

பிளஸ் மைனஸ் மாற்றாதே, ஃபியூஸ் போடு, பேனலைத் தெற்கு பார்த்து வை என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

25 வாட் என்பது 25 வாட் இல்லை

ரிப்பீட்டர் 25 வாட் என்றால் அது ஆன்டெனாவுக்குப் போகிற கணக்கு. அந்த 25 வாட்டைக் கொடுக்க என் செட் பேட்டரியிலிருந்து 7 ஆம்பியர் இழுக்கிறது. கிட்டத்தட்ட 90 வாட். ஆனால் பேசுகிற நேரத்தை விடப் பேசாத நேரம்தான் அதிகம் தின்கிறது. ரிசீவர், கன்ட்ரோலர் போர்டு எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போதே 0.6 ஆம்பியர். 24 மணி நேரத்துக்கு 14.4 ஏஎச். காலை நெட், மாலை நெட் (எல்லோரும் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடுவது), நடுவில் ஊர்க்கதை எல்லாம் கூட்டினாலும் ஒன்றேகால் மணி நேரம் தேறாது. அது சுமார் 8 ஏஎச். ஆக ஒரு நாளைக்கு 22. செட்டோடு வரும் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டு மேஜையில் வைத்து, மீட்டரை நடுவில் மாட்டி அளந்து பாருங்கள்.

தொட்டியைப் பெரிதாக்கிவிட்டுக் குழாயை மறப்பது

2017-ல் பழனி மலைத்தொடரில் ஒரு இடத்தில் வைத்தோம். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று, 100 வாட் பேனல் ஒன்று. கணக்கு அழகாகத்தான் இருந்தது. பேனல் நல்ல வெயிலில் 5.5 ஆம்பியர் தரும். நாளைக்கு 5 மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 27 ஏஎச். லெட் ஆசிட் பேட்டரிக்குள் போகிறதெல்லாம் திரும்பி வராது, 85 சதவீதம் வைத்துக்கொள்ளலாம், 23 கிடைக்கும். செலவு 22. ஒரு ஏஎச் மிச்சம்! மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் பேட்டரி தாங்கும் என்று ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டோம்.

அந்த 5 மணி நேரம் வருடம் முழுமைக்குமான சராசரி. ஐப்பசி, கார்த்திகையில் மலை மேல் மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும்போது 3 மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்போது உள்ளே போவது 14, வெளியே போவது 22. தினமும் 8 கடன். 150 ஏஎச் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 75. ஒன்பது நாளில் முடிந்தது.

நவம்பரில் நின்றது. இங்கேதான் அந்தப் பெரிய தவறைச் செய்தேன். "பேட்டரி பத்தவில்லை" என்று முடிவு கட்டினேன்.

இன்னொரு 150 வாங்கினோம். அன்றைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். ஆசிட் ஊற்றிய பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. மூங்கிலில் கட்டி நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம், ஆசிட் சிந்தி என் பேன்ட்டில் ஓட்டை. மேலே கொண்டுபோய்ப் பழைய பேட்டரியோடு இணையாக மாட்டினேன். அதுவும் தப்புதான், செத்துக்கொண்டிருக்கும் பழசு புதிதையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

பேனல் அதே 100 வாட்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடன் அதே 8. கையிருப்பு 150. ஒன்பது நாளில் நின்றது பத்தொன்பது நாளில் நிற்கும். இருபதாயிரத்துக்கு மேல் செலவு, கூலியோடு சேர்த்து. வாங்கியது பத்து நாள். வெயில் திரும்பிய பிறகாவது நிரம்புமா என்றால், நாளைக்கு ஒரு ஏஎச் மிச்சத்தில் 150-ஐ நிரப்ப ஐந்து மாதம் வேண்டும். அதுவரை பேட்டரி அரைகுறையாகவே கிடக்கும். அரைகுறையாகக் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்தக் கொள்ளளவு திரும்பாது.

2018 நவம்பரில் ரிப்பீட்டர் மறுபடி ஊமையாகிவிட்டது. மழை விட்டதும் போகலாம் என்று இருந்தோம். 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மேற்கே வந்து கொடைக்கானல் மலையையும் புரட்டிப் போட்டது. மரம் சாய்ந்து ரோடு மறித்து, கரண்ட் இல்லாமல், போன் இல்லாமல் கிடந்த நாட்கள் அவை. எதற்காக அந்த ரிப்பீட்டரை வைத்தோமோ அந்த நாளில் அது வேலை செய்யவில்லை.

பாதை திறந்த பிறகு மேலே போய் பேட்டரி மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டேன். முழு சார்ஜில் 1250 காட்ட வேண்டியது. மிதவை எழும்பவே மனமில்லாமல் 1140-ல் நின்றது. ஆறு செல்லிலும் அப்படியே. பக்கத்தில் நின்ற நண்பர் மெதுவாக, "மூணாவது ஒண்ணு போடலாமா?" என்றார். நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

சரி, எப்படிக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்? முதலில் செலவு: 22. அடுத்து பேனல், அதுவும் வருடத்தின் மோசமான மாதத்துக்கு. 3 மணி நேர வெயிலில் அன்றாடச் செலவும் தீர வேண்டும், மூன்று இருட்டு நாளில் வாங்கிய 66 ஏஎச் கடனும் ஒரு வாரத்தில் அடைய வேண்டும். இழப்பையும் சேர்த்தால் நாளைக்கு 37 ஏஎச் வர வேண்டும். 12 ஆம்பியருக்கு மேல். அதாவது 230 வாட். தூசி, பாசி, எச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் 300 போட்டேன். கடைசியில்தான் பேட்டரி: நாலு நாளுக்கு 88, பாதிதான் எடுக்கலாம் என்பதால் 176. 200 ஏஎச் ஒன்று போதும். கூடுதலாக வாங்கிய இரண்டு பேனலுக்கு ஆன செலவு அந்த இரண்டாவது பேட்டரியை விடக் குறைவு. தூக்கிப்போகவும் ஆளுக்கொன்று, அவ்வளவுதான்.

லித்தியம் போட்டால் தீராதா என்று கேட்கிறார்கள். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் அரைகுறை சார்ஜில் கெடாது, உண்மை. 14 வந்து 22 போனால் அதுவும் காலியாகும்.

பெரிய பேனல், மலிவு கன்ட்ரோலர்

வீட்டு மாடிக்குப் போடும் 330 வாட் பேனல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து சாதாரண பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருப்பது) 12 வோல்ட் பேட்டரிக்கு மாட்டுவார்கள். அந்தப் பேனல் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தருவது. பிடபிள்யூஎம் அதை 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் கூடாது. 330-ல் கைக்கு வருவது 120 வாட் கூட இல்லை. இதற்கு எம்பிபிடி வேண்டும், கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் கன்ட்ரோலர் அது.

ஒயர்

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் பேட்டரியிலிருந்து 20 மீட்டர் இழுத்து, 7 ஆம்பியர் போனால் வழியிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். பேட்டரியைச் செட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நிழல்

நவம்பரில் சூரியன் தெற்கே போயிருக்கும். மே மாதம் பார்த்துவிட்டு வந்த இடத்தில் டவரின் நிழலே பேனல் மேல் விழும்.

கார் பேட்டரி

வேண்டாம்.

குரங்கு

ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

கட்-ஆஃப் வோல்டேஜ்

மலிவு கன்ட்ரோலர்கள் 11 வோல்ட்டைத் தொட்ட பிறகுதான் லோடைத் துண்டிக்கும். அதற்குள் பேட்டரி சுத்தமாகக் காலியாகிவிட்டிருக்கும். நான் 11.8 வைத்திருக்கிறேன். சில அடைமழை இரவுகளில் ரிப்பீட்டர் நின்றுவிடுகிறது, "என்னய்யா செட் வெச்சிருக்கீங்க" என்று போன் வருகிறது. வரட்டும், பேட்டரிக்கு இது ஆறாவது வருடம்.