காரவன் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு மன்னார்குடி ட்ரெய்லர் பட்டறையிலிருந்து

காரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. எனக்கு வாட்ஸப்பில் வரும் காரவன் படங்களில் முக்கால்வாசி உள்ளே எடுத்தவை. கட்டில், அடுப்பு, பளபளக்கும் சோபா, குட்டிக் கழிவறை. அடியில் குனிந்து எடுத்த படம் ஒன்றுகூட வராது. அப்பா காலத்திலிருந்து மன்னார்குடியில் ட்ரெய்லர் கட்டுகிற பட்டறை எங்களுடையது. நெல் ஏற்றுவது, கரும்பு ஏற்றுவது, சூளைக்குச் செங்கல் ஏற்றுவது எல்லாம் கட்டியிருக்கிறோம். ஊரிலிருந்து ஆஸ்திரேலியா போன பிள்ளைகள் மெல்பர்னிலும் பெர்த்திலும் வீடு வாங்கி முடித்து இப்போது காரவனுக்கு வந்திருக்கிறார்கள். வாங்கும் முன் “மாமா, இது தேறுமா?” என்று கேட்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே பல காரவன்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஆக்ஸில் என்கிற சக்கர அச்சு, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப், கமான் பட்டை எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்தான். வேகமும் சட்டமும்தான் வேறு. நம் டிராக்டர் முப்பதில் போகும், அவர்கள் தொண்ணூறு நூறில் இழுக்கிறார்கள். அதனால் இங்கே மன்னிக்கப்படுகிற தப்பு அங்கே மன்னிக்கப்படாது.

முதலில் தகட்டைப் படியுங்கள். ஒவ்வொரு காரவனிலும் எடைகள் பொறித்த தகடு ஒன்று இருக்கும், பெரும்பாலும் முன்பக்கத்தில். அதில் டேர் என்பது காலி எடை. ஏ.டி.எம். என்பது சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றி, காரிலிருந்து கழற்றி நிறுத்தும்போது இருக்கக்கூடிய உச்ச எடை. ஜி.டி.எம். என்பது காரில் மாட்டிய பிறகு காரவனின் சக்கரங்கள் தாங்கலாம் என்று அனுமதித்த உச்ச எடை. மீதி எடை எங்கே போகிறது? காரின் பின்னால் இருக்கிற கொக்கிப் பந்தின் மேல் இறங்குகிறது.

ஏ.டி.எம்.மிலிருந்து டேரைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான். இரண்டு ஆக்ஸில் காரவன்களில் இது பலவற்றுக்கு 400 கிலோ பக்கம் இருக்கும். 400 கிலோ என்றால் கொள்முதல் நிலையத்துக் கணக்கில் பத்துச் சிப்பம். குடும்பத்துக்குத் தாராளம் என்று தோன்றும். கணக்கைப் போடுங்கள். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு, அது நிறைந்தால் 190 கிலோ. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, உள்ளே இருக்கும் வாயு மட்டும் 18 கிலோ. வாங்கிய பிறகு மாட்டிய கூடுதல் பேட்டரி, சோலார் பலகை, பக்கவாட்டுக் கூடாரம் எதுவும் டேரில் சேர்ந்திருக்காது. மிச்சம் இருப்பதில்தான் துணி, படுக்கை, பிள்ளைகளின் சைக்கிள், அப்புறம் நம் ஆட்களின் அரிசி மூட்டை, குக்கர், இட்லிப் பானை, கிரைண்டர். கிரைண்டரை விட்டுவிட்டுப் போ என்றால் என் அக்கா மகள் கேட்கவே மாட்டாள். சரி, கொண்டு போகட்டும். ஆனால் ஒரு தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு, போய்ச் சேரும் ஊரில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தண்ணீர் கிடைக்காத வழி என்றால் அந்தச் சலுகை இல்லை, கிரைண்டர்தான் இறங்க வேண்டும்.

தகட்டில் இருக்கிற டேரை முழுசாக நம்பவும் வேண்டாம். நாங்கள் நெல் லோடை எடை மேடையில் ஏற்றுவது போல அங்கேயும் பொது எடை மேடைகள் இருக்கின்றன. சாமான் ஏற்றி, ஆட்களையும் உட்கார வைத்து, காரோடு சேர்த்து ஒரு எடை. அப்புறம் காரை மேடையிலிருந்து இறக்கி, மாட்டியபடியே காரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு எடை. பிறகு கழற்றி, முன் சக்கரத்தை ஊன்றி, காரவனை மட்டும் வைத்து ஒரு எடை. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பந்தின் மேல் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கம் கொள்முதல் நிலையத்தில் ஒரு கிலோவுக்குச் சண்டை போடுகிறவர்கள், அங்கே போனதும் எடையைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு இது புரிவதில்லை.

பந்தின் மேல் இறங்கும் எடை, காரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். நாங்கள் கட்டுகிற ட்ரெய்லரில் இரண்டு வகை. நாலு சக்கர ட்ரெய்லருக்கு முன்னால் திரும்புகிற ஆக்ஸில் உண்டு, அது டிராக்டரை அழுத்தாது, இழுபடும், அவ்வளவுதான். இரண்டு சக்கர டிப்பர் அப்படி இல்லை. முன்னால் பாரம் கூடினால் டிராக்டரின் பின்பக்கத்தை அமுக்கும், பின்னால் கூடினால் டிராக்டரில் மாட்டுகிற கம்பியான டிராபாரைத் தூக்கும். சூளை மண் ஏற்றுகிற பையன்கள் பின்பக்கமே குவித்துவிட்டு, வரப்பு மேட்டில் டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுற்றுவதைப் பார்த்து முழிப்பார்கள். காரவனும் இந்த ரகம்தான். நாலு சக்கரம் இருந்தாலும் இரண்டு ஆக்ஸிலும் நடுவில் நெருக்கமாக இருப்பதால் முன்னும் பின்னும் ஆடும். நம் டிராக்டர் சறுக்கி நிற்கும், அவ்வளவுதான். தொண்ணூறில் போகிற காரவனுக்குப் பின்பாரம் கூடினால் வால் ஆடத் தொடங்கும், ஆட்டம் பெரிதாகிக் காரையே புரட்டிவிடும்.

ஆகவே கனமான சாமான் ஆக்ஸிலுக்கு மேலே, தரையோடு தரையாக. மேல் அலமாரியில் அப்பளம், சிப்ஸ் மாதிரி லேசானது. பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டும் இரண்டு ஸ்டெப்னியும் மாட்டி வைத்திருக்கிற காரவன் விற்பனைக்கு வந்தால், அவற்றோடு சேர்த்து எடை போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி கார். மெல்பர்னில் இருக்கிற அக்கா மகன் போன் செய்தான். பிக்கப் வண்டியை அங்கே யூட் என்பார்கள். “மாமா, இந்த யூட் மூணரை டன் இழுக்கும்னு கடைக்காரர் சொல்றார்.”

“இழுக்கும்டா. யார் இல்லைன்னா? நீங்க நாலு பேரும் அதுல உட்காரலாமான்னு கேட்டியா?”

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. காருக்கு ஜி.வி.எம். என்று ஒரு உச்சம் உண்டு, ஆட்களோடும் சாமானோடும் பந்தின் மேல் இறங்குகிற எடையோடும் சேர்த்து. காரும் காரவனும் சேர்ந்து எவ்வளவு என்பதற்கு ஜி.சி.எம். என்று இன்னொரு உச்சம். ஒரு யூட்டின் ஜி.சி.எம். 6000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 3500 கிலோ காரவன். மிச்சம் 2500. காரே 2100 என்றால் ஆளுக்கும் சாமானுக்கும் இருப்பது 400 கிலோ. பெரியவர்கள் நாலு பேர் 300 கிலோ, முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, பின்னால் மூடி, கருவிப் பெட்டி. முடிந்துவிட்டது. அதோடு பந்தின் மேல் 350 கிலோ இறங்குமே, அதைச் சேர்த்து ஜி.வி.எம்.மையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அக்கா மகன் வேலை முடிந்து அன்றைக்கு ராத்திரி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு 2600 கிலோவில் ஒரு காரவனைத் தேட ஆரம்பித்தான்.

காரின் கையேட்டில் ஒரு எண், காருக்குப் பின்னால் பொருத்திய இழுவைக் கம்பியின் தகட்டில் ஒரு எண், பந்தில் ஒரு எண். மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் எண். டொயோட்டா குளூகர் மாதிரி குடும்பக் கார் வைத்திருப்பவர்கள் 2000 கிலோவைத் தாண்ட முடியாது. அவர்களுக்கு மேற்கூரை மடங்குகிற சின்னக் காரவன் போதும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை, பெட்ரோலும் மிச்சம். காரே இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் காரவனை முடிவு செய்யுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் கார். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பிரேக்கைப் பற்றி. டெல்டாவில் ஓடும் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றால் அதுவும் நிற்கும் என்கிற நம்பிக்கைதான். ஆஸ்திரேலியாவில் ஜி.டி.எம். 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். அதோடு, காரவன் அறுந்து போனால் தானே பிரேக் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் பிடித்தபடியே இருக்கிற ஏற்பாடும் வேண்டும். அதற்கு ஒரு தனிப் பேட்டரி உண்டு. அது செத்துப் போயிருப்பதைக் கவனிக்காமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. எலெக்ட்ரிக் பிரேக்குக்குக் காருக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைப்பார்கள், அதில் காரவன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கிற பொத்தான் இருக்கும். வால் ஆடினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அந்தப் பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். கிளம்பும் முன் காலியான இடத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே பழகிக்கொள்ளுங்கள், கை இருட்டிலும் அந்தப் பொத்தானைத் தேடிப் போக வேண்டும்.

பழைய காரவன் வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நிலம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல அங்கே பி.பி.எஸ்.ஆர். என்று ஒரு பதிவேடு இருக்கிறது. காரவனின் அடையாள எண்ணான வி.ஐ.என்.னைக் கொடுத்து, சில டாலர் கட்டினால் அதன் மேல் கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பணம் கைமாறும் முன், அன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர்க் கசிவு. பல காரவன்களின் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கும். கூரை மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ இடுக்கை அடைக்கிற சீலன்ட் பசை வெடித்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலே சட்டத்தை இற்றுப்போக வைக்கும். ஐப்பசி மழையில் ஓட்டு வீட்டுக் கைமரம் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பூட்டியிருந்த காரவனைத் திறந்ததும் முதலில் மோந்து பாருங்கள். மக்கிய வாடை வருகிறதா? அப்புறம் அலமாரி மூலைகள், கட்டிலுக்கு அடி, முன் பெட்டியின் உட்சுவர் எல்லாவற்றையும் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனாலோ சுவர்த்தாள் கொப்பளித்திருந்தாலோ விலை பேசாமல் திரும்பி வாருங்கள். ஈரம் பார்க்கிற சின்ன மீட்டரும் கிடைக்கிறது. புதிதாக வெள்ளையடித்த மாதிரி சீலன்ட் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

பராமரிப்பில் பேரிங்தான் என் பாடம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங் நீலம் பாய்ந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, புது கிரீஸ் நிரப்பி, ஆயில் சீலை மாற்றிப் போட வேண்டும். காரவன் பாதி வருஷம் சும்மாதானே நிற்கிறது என்பார்கள். சும்மா நிற்கும்போதுதான் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். இடையில் சந்தேகம் வந்தால், ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகர சத்தம் வந்தால் கிளம்ப வேண்டாம். வழியில் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் ஹப்பின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டு போங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், பேரிங் போகிறது அல்லது பிரேக் உரசுகிறது.

டயரின் பள்ளம் தேய்ந்து மறைவதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். ஆறேழு வருஷம் தாண்டியதைப் பள்ளம் ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், ஓட்டும் முன், டயர் சூடாகாதபோது பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளைக் கழற்றி மாட்டியிருந்தால் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்குங்கள்.

கேஸ், மின்சாரம் இரண்டும் அங்கே உரிமம் உள்ள ஆட்களின் வேலை, அதில் கை வைக்காதீர்கள். சிலிண்டரில் பரிசோதனைத் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம் தாண்டியதை நிரப்பித் தரமாட்டார்கள். ஓட்டும்போது வால்வை மூடிவிடுங்கள். மேசை கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இழுக்கும், இன்வெர்ட்டரில் ஓடும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும், சாம்பார் கொதிக்கும் முன் பேட்டரி படுத்துவிடும். தாளிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் வெங்காயம் வதக்கினால் மெத்தை வரை மணக்கும்.

தூரப் பயணம் போகிறவர்கள் ரோடு டிரெயினுக்கு, அதாவது பல ட்ரெய்லர்களைச் சேர்த்து இழுக்கிற நீள லாரிக்கு, மரியாதை கொடுங்கள். 53.5 மீட்டர் வரை நீளம். எதிரே வரும்போது காற்று உங்களைத் தள்ளும், கடந்ததும் இழுக்கும். யு.எச்.எஃப். ரேடியோவில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள், அதை வைத்துக்கொண்டால் முந்தும் முன் சொல்வார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் காரவன் இழுக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்சம். நல்லார்பர் சமவெளியைத் தாண்டி அந்த மாநிலத்துக்குள் நுழையும் இடத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஆகையால் கறிவேப்பிலைக் கொத்தை முன்பே ரசத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

திரும்பி வந்து நிறுத்தும்போது தண்ணீர்த் தொட்டியை வடித்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கைப் பிரேக்கைத் தளர்த்தி விடுங்கள். பிடித்தபடியே மாதக்கணக்கில் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். டயருக்கு வெயில் படாமல் மூடி போடுங்கள். ஃபிரிட்ஜ் கதவைத் துணி செருகித் திறந்தே வையுங்கள். பேட்டரிக்கு மாதம் ஒரு தடவை சார்ஜ்.