வேப் (இ-சிகரெட்) கருவிக்கு பேட்டரி வாங்குவது எப்படி? 9900 என்ற எண்ணை நம்பாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் தெருவிலேயே இருக்கும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து இரண்டு நீலநிற பேட்டரிகளை எடுத்து மேசைமேல் வைத்தான். "அண்ணே, 9900 போட்டிருக்கு பாருங்க. கடையில வெறும் 3000தான் இருக்கு, அதுக்கு ரெண்டு மடங்கு விலை கேக்கறான்." அவன் சொன்ன எண், பேட்டரியின் கொள்ளளவு (மில்லி ஆம்பியர் ஹவர்). நான் பதில் சொல்லாமல் சமையலறையிலிருந்து தராசை எடுத்து வந்தேன். தராசு காட்டிய கணக்கு கீழே வருகிறது.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப் விற்கத் தடை. அதனால் இதுவரை பேட்டரி பற்றிக் கவலையே படாமல் இருந்தவர்கள்கூட இப்போது சார்ஜ் செய்யும் கருவிக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். நான் சிகரெட்டை விடுவதற்காக இதைப் பிடித்தவன். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 2019 சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே தடை. ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் டார்ச்லைட்டுக்கு இதே பேட்டரி வாங்குபவர்களுக்கு கீழே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

படி 1: உங்கள் கருவிக்கு பேட்டரி வாங்க வேண்டுமா என்றே பாருங்கள்

சின்ன பாட் வகைக் (திரவக் குடுவையைச் சொருகும்) கருவிகளில் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து மாற்ற முடியாது. அப்படியென்றால் நேராக படி 6க்குப் போய்விடுங்கள். கழற்றி மாற்றும் வகையென்றால் பெரும்பாலும் இரண்டில் ஒரு அளவு இருக்கும்: 18650 அல்லது 21700. எண்ணிலேயே அளவு இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி சைபர், உருளை வடிவம் என்பதற்கு. 21700 அதைவிடக் கொஞ்சம் பருமன், கொஞ்சம் நீளம்.

தலைப்பக்கம் தட்டையாக இருப்பதைத்தான் வேப் கருவிகள் பெரும்பாலும் கேட்கும். டார்ச்சுக்கு விற்கும் சில பேட்டரிகளில் தலையில் குமிழும் அடியில் ஒரு பாதுகாப்புச் சர்க்யூட்டும் இருக்கும். அவை சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல். உள்ளே நுழையாது. அழுத்தித் திணிக்கவும் கூடாது.

படி 2: எத்தனை ஆம்பியர் தேவை என்று கணக்குப் போடுங்கள்

பேட்டரியில் இரண்டு எண்கள் முக்கியம். மில்லி ஆம்பியர் ஹவர் என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. ஆம்பியர் என்பது குழாயின் பருமன். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குழாய் தாங்குவதற்கு மேல் இழுத்தால் பேட்டரி சூடாகும். சூடு ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது தன்னாலேயே சூட்டை உண்டாக்கத் தொடங்கிவிடும். பிறகு சுவிட்சை அணைத்தும் பயனில்லை. ஆகவே முதலில் ஆம்பியரைப் பாருங்கள். கொள்ளளவு அப்புறம்.

கணக்கு சுலபம். கருவியின் அதிகபட்ச வாட்டை 3ஆல் வகுத்து, ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். 40 வாட் கருவி என்றால் சுமார் 14 ஆம்பியர். 60 வாட் என்றால் 21. இரண்டு பேட்டரி போடும் 80 வாட் கருவியில் ஒவ்வொன்றுக்கும் 40 வாட்தான் பங்கு, எனவே மறுபடியும் 14.

ஏன் 3? பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். ஆனால் தீரத் தீர 3.2 வோல்ட் வரை இறங்கும். அதே வாட்டைக் கொடுக்க, வோல்ட் குறைந்தால் கருவி ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். சர்க்யூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். அதாவது பேட்டரி காலியாகப் போகும் நேரத்தில்தான் அதற்கு வேலை அதிகம். நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சர்க்யூட்டே இல்லாத மெக்கானிக்கல் வகைக் கருவிகள் உண்டு. அதில் கணக்கு வேறு: 4.2ஐ காயிலின் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) ஓம்ஸால், அதாவது மின்தடையால், வகுக்க வேண்டும். 0.2 ஓம்ஸ் காயில் என்றால் 21 ஆம்பியர். தவறு செய்தால் தடுக்க உள்ளே எதுவும் கிடையாது. புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

படி 3: பெயர் தெரிந்த செல்லாக வாங்குங்கள்

உலகத்தில் எத்தனையோ பிராண்டு இருந்தாலும் நல்ல செல் (இந்த ஒற்றை பேட்டரிக்கு அதுதான் பெயர்) தயாரிக்கும் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சாம்சங், எல்ஜி, பானாசோனிக், முராட்டா (சோனியின் பேட்டரித் தொழிலை 2017இல் வாங்கியது இவர்கள்தான்), தைவானின் மோலிசெல். மற்றப் பிராண்டுகள் பலவும் எங்கிருந்தோ செல் வாங்கி, தங்கள் வண்ண உறையைச் சுற்றி, விருப்பப்பட்ட எண்ணை அச்சடித்தவை. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளை ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

18650இல் சாம்சங் 25ஆர் என்ற செல்லின் கொள்ளளவு 2500, தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும். எல்ஜி எச்ஜி2 3000, அதுவும் 20. சாம்சங் 30க்யூ 3000தான், ஆனால் 15 ஆம்பியர். மோலிசெல் பி28ஏ 2800, நிறுவனக் கணக்கில் 35. பானாசோனிக்கின் என்சிஆர்18650பி 3400 வரை போகும் அருமையான செல், ஆனால் அது தாங்கும் ஆம்பியர் ஒற்றை இலக்கத்தில்தான். டார்ச்சுக்கும் லேப்டாப்புக்கும் சரி, வேப்புக்குக் கூடாது. கொள்ளளவைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உறையில் "40 ஆம்பியர்" என்று பெரிதாக இருந்தால் அது பெரும்பாலும் ஒரு சில விநாடிகளுக்கான கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது தொடர் ஆம்பியர்.

படி 4: போலியா என்று சோதியுங்கள்

18650 அளவுக்குள் இன்றைய தொழில்நுட்பத்தில் நல்ல செல்களின் கொள்ளளவு பெரும்பாலும் 3500, 3600 என்ற அளவில்தான் நிற்கிறது. 5000, 6800, 9900 என்று எது போட்டிருந்தாலும் பொய். அப்புறம் எடை. அசல் 18650 கிட்டத்தட்ட 44 முதல் 49 கிராம் இருக்கும். தம்பியின் முதல் பேட்டரி தராசில் 31 கிராம் காட்டியது. இரண்டாவது 29. ஒரே டப்பாவில் வந்த இரட்டையர் இரண்டு எடை! "அப்ப உள்ள என்னண்ணே இருக்கு?" என்றான். பழைய சின்ன செல்லாக இருக்கலாம், மிச்ச இடத்தில் வெறும் காற்றாக இருக்கலாம். வெட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம் என்றேன்.

எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது. எடை இவ்வளவு குறைந்தால் நிச்சயம் போலி. வேப் பொருட்களையே தொழிலாகக் கொண்ட கடையில் ஒரு செல் ஐந்தாறு பவுண்டுக்குக் கிடைக்கும். தபால் செலவோடு சேர்த்து இரண்டு செல் மூன்று பவுண்டு என்றால் யோசியுங்கள்.

படி 5: உறையைப் பாருங்கள், தனி டப்பாவில் வையுங்கள்

செல்லைக் கையில் எடுத்து தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்புங்கள். நடுவில் இருக்கும் தட்டு பாசிட்டிவ். அதைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், அதன்மேல் மடிந்து நிற்கும் பிளாஸ்டிக் உறை. அந்த வளையத்துக்கு அடியில் இருக்கும் உலோக விளிம்பு நெகட்டிவ். ஆமாம், அடிப்பக்கம் மட்டுமல்ல, உடம்பு முழுவதுமே நெகட்டிவ்தான். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும், கருவியின் உலோகம் அங்கே பட்டால் ஷார்ட் ஆகிவிடும். கிழிந்தால் பயன்படுத்தாதீர்கள். புது உறை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வளையத்தைத் திரும்ப வைக்க மட்டும் மறந்துவிடக் கூடாது.

தனி செல்லை பாக்கெட்டில் போடவே கூடாது. நான் போட்டிருக்கிறேன். குளிர்கால கோட்டின் பாக்கெட்டில் வீட்டுச் சாவி, கூடவே ஒரு உபரி செல். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பருகே கதகதப்பாக இருந்தது, ஹீட்டர் என்று நினைத்தேன். கைவிட்டபோது சாவி தொட முடியாத சூடு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 இ-சிகரெட் விபத்துகளைத் தொகுத்தது. அதில் 61, கருவியோ உபரி பேட்டரியோ பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை. இரண்டு செல் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒரு பவுண்டுதான். விமானத்தில் போனால் அந்த டப்பா கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த செல்களைத் தனியாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021இல் எச்சரித்தது. சர்க்யூட்டோடு கூடிய பேட்டரித் தொகுப்புக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் இது. உங்களுக்கு உள்ளே பொருத்தப்பட்ட கருவியே போதும் என்றால் அதுவே மேல்.

படி 6: சார்ஜ்

கழற்றும் செல் என்றால் கருவியின் யுஎஸ்பி துளையைவிட தனி சார்ஜர் நல்லது. 18650க்கு 1 ஆம்பியர் வேகம் போதும், அவசரம் வேண்டாம். 4.2 வோல்ட்டில் தானாக நிற்க வேண்டும். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜில் விடாதீர்கள். படுக்கை, சோபா மேல் வைக்காதீர்கள். ஜனவரியில் இரவு முழுவதும் காரில் கிடந்த செல்லை எடுத்த உடனே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், செல் நிரந்தரமாகக் கெடும். வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் கிடக்கட்டும்.

இரண்டு செல் கருவி என்றால் இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகப் போட்டு, ஒன்றாகச் சார்ஜ் செய்யுங்கள். நான் மார்க்கரில் 'அ', 'ஆ' என்று எழுதி வைத்திருக்கிறேன். புதுசையும் பழசையும் கலந்தால், சீக்கிரம் தீரும் செல்லை மற்றது அளவுக்கு மீறி வடித்துவிடும்.

சார்ஜ் ஆகும்போது கை பொறுக்காத சூடு, 'ஸ்ஸ்' என்ற சத்தம், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு வாசனை: இதில் எது வந்தாலும் செல்லைத் தொடாதீர்கள். தீப்பிடித்தால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 999ஐக் கூப்பிடுங்கள்.

படி 7: தூக்கிப்போடுவது

முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது, சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது, நசுங்கிவிட்டது என்றால் ஓய்வு கொடுக்கலாம். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். பேட்டரி அதிகம் விற்கும் கடைகள் பழையதை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம். சூப்பர்மார்க்கெட் வாசல் பக்கம் அதற்கான பெட்டி இருக்கும். போடுவதற்கு முன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள்.

தம்பியின் 9900 இரண்டும் அன்று மாலையே டேப் சுற்றிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் போயின. வரும் வழியில் கடையில் ஒரு ஜோடி 25ஆர் வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்காமலே தராசைத் தேடினான்: 44, 44.