ஃப்ளூ காய்ச்சலா, நிமோனியாவா? மூச்சு எண்ணுவது முதல் எக்ஸ்ரே பார்ப்பது வரை

ஐப்பசி மழை பிடித்தால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல்தான். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் இன்ஃப்ளூயன்ஸா (ஃப்ளூ) வைரஸ் நுரையீரல்வரை இறங்கி நிமோனியாவாகிறது. மலைக் கிராமத்திலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேர நேரமாகும். எப்போது கிளம்புவது என்பது வீட்டிலேயே தெரிந்தாக வேண்டும்.

படி 1: மூச்சை எண்ணுங்கள்

குழந்தை அழாமல் மடியில் கிடக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழு நிமிடமும் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, அதற்கு மேல் 5 வயதுவரை 40. இதைத் தொட்டாலே வேகமூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: விலாவைப் பாருங்கள்

மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கை என்னவானாலும் கிளம்புங்கள். பால் குடிக்காமை, வலிப்பு, உதடு நீலமாதல், எழுப்பியும் எழாமை இருந்தால் 108-ஐ அழையுங்கள். தேறிவந்த குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பினால் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருக்கலாம். ஆஸ்பிரினை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.

படி 3: எக்ஸ்ரே

படத்தில் உங்கள் இடப்பக்கம் இருப்பது குழந்தையின் வலப்பக்கம். காற்றுள்ள நுரையீரல் கறுப்பு. எலும்பும் இதயமும் வெள்ளை. வைரஸ் நிமோனியாவில் நடுநெஞ்சிலிருந்து இருபுறமும் வெண்கோடுகள் பரவியிருக்கும். காற்று சிக்கி நுரையீரல் உப்பியிருப்பதும் உண்டு. ஒரு பகுதி மட்டும் அடர்வெள்ளையாக இருந்தால் பாக்டீரியா மீது சந்தேகம் எழும். ஆனால் படத்தை மட்டும் வைத்து எந்தக் கிருமி என்று அடித்துச் சொல்ல முடியாது.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கைக்குழந்தையின் இதயத்தை ஒட்டிப் படகின் பாய்போல் ஒரு வெள்ளை நிழல். அது தைமஸ் சுரப்பி, நோயல்ல.

தொடக்கத்தில் எடுத்த படம் சுத்தமாகவே இருக்கலாம். ‘படத்தில் ஒன்றுமில்லையே’ என்று மூச்சு எண்ணுவதை நிறுத்திவிடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை. சி.டி. ஸ்கேன் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது, கேட்டு வற்புறுத்தாதீர்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும். எனவே காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.