ஆடிப்பிறப்புக்கு வீட்டிலே கூழ் காய்ச்சும் முறை

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும்தான். சூரியன் கடக ராசிக்குள் புகுந்து தட்சிணாயனம் தொடங்குகின்ற ஆடி முதல் நாள், பெரும்பாலும் யூலை 16 அல்லது 17ஆம் திகதியில் வரும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வருடங்களில் ஒரு நாள் முன்பின்னாகச் சொல்வதுண்டு. உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது வழக்கமோ அதையே பின்பற்றுங்கள்; கைப்பேசியில் கண்ட திகதியை வைத்து அப்பாச்சியுடன் வாதாட வேண்டாம்.

ஊரில் அந்த நாட்களில் சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசும். வடகீழ்ப் பருவமழையை நம்பி விளைகின்ற நெல் தை, மாசியிலேயே வீடு வந்து சேர்ந்துவிடுவதால் ஆடியில் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். எனவே இது புத்தரிசிப் பண்டிகை அன்று. வீட்டில் சேர்த்து வைத்த பச்சையரிசி, பயறு, பனங்கட்டி, தேங்காய் ஆகியவற்றைக் கொண்டு கொண்டாடப்படுவது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, ஏனெனில் இவை யாவும் அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கின்றன.

பெயரைக் கேட்டுக் குழம்பிவிடக் கூடாது. ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவும் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகின்ற உறைப்பான கூழ் வேறு. தமிழ்நாட்டு அம்மன் கோயில்களில் ஆடி மாதத்தில் வார்க்கப்படும் கேழ்வரகுக் கூழும் வேறு. நமது ஆடிக்கூழ் அரிசி மாவாலும் தேங்காய்ப்பாலாலும் ஆன இனிப்புக் கூழ்.

ஒரு வாரம் முன்னதாகவே குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் தாயார் எப்படிக் காய்ச்சினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிளகு போடுவதா, உருண்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கூழ் குடிக்கின்ற பதத்திலா அள்ளுகின்ற பதத்திலா என்பன ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடு மாறும். "எத்தனை கோப்பை?" என்று கேட்டால் அவர்களிடம் விடை இராது, "கையால் எவ்வளவு அள்ளிப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். கீழே நான் தரும் அளவுகள் ஆறு பேருக்குப் போதுமானவை. உங்கள் வீட்டு முறை வேறாக இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

வறுத்த பச்சையரிசி மா ஒன்றரைக் கோப்பை, பாசிப்பயறு கால் கோப்பை, பெரிய தேங்காய் ஒன்று, பனங்கட்டி 250 கிராம், ஏலக்காய் நான்கு, மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், சிறு துண்டு சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். தேங்காயில் கால் பங்கை மெல்லிய சொட்டுகளாகக் கீறி ஒதுக்கிவிட்டு, மீதியைத் துருவி முதற்பாலை ஒரு கோப்பை அளவுக்குத் தனியாகவும், இரண்டாம் மூன்றாம் பால்களை ஐந்தாறு கோப்பை அளவுக்குச் சேர்த்தும் பிழிந்துகொள்ளுங்கள்.

பயற்றை மணம் வரும்வரை வறுத்து, இலேசாகக் குத்திக் கோதை நீக்கிக்கொள்ள வேண்டும். உரல் இல்லாதவர்கள் உருட்டுக்கட்டையால் அழுத்தி உருட்டினாலும் கோது கழன்றுவிடும். மாவில் பாதியை எடுத்து உப்புச் சேர்த்து, கொதிநீர் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்து, கடலையளவு உருண்டைகளாக உருட்ட வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். உருண்டைகள் ஒரே அளவில் அமையமாட்டா, சில கோலிக்குண்டு அளவுக்குப் பெருத்துவிடும், அதனால் கூழுக்கு ஒரு குறையும் வராது. மேசையைச் சுற்றி இருந்து உருட்டுகின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் பெரியவர்கள் ஊர்க்கதை சொல்லத் தொடங்குவார்கள். எனவே மாவைக் கடையில் வாங்கினாலும் உருண்டையைக் கையாலேயே உருட்டுங்கள்.

இனி அடுப்பு வேலை. அகன்ற பானையில் இரண்டாம் மூன்றாம் பாலில் ஒரு கோப்பையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, மீதியைத் தண்ணீர் ஒரு கோப்பையுடன் கொதிக்க வைத்து, அதில் பயற்றைப் போட்டு மலர அவியுங்கள். பயறு நசிகின்ற பதம் வந்தபின் உருண்டைகளை ஒவ்வொன்றாக விட்டு, அவை மேலே மிதக்கும்வரை அகப்பையைப் போடாதீர்கள். அவசரப்பட்டுத் துழாவினால் உருண்டை கரைந்து கஞ்சியாகிவிடும். மிதந்தபின், மீதி மாவை நிறுத்தி வைத்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காதபடி கைவிடாமல் துழாவுங்கள். பனங்கட்டியைச் சிறிது வெந்நீரில் கரைத்து வடித்த பின்னரே சேர்க்க வேண்டும். வடிக்காமல் நேரே போட்ட ஒரு வருடம், எங்கள் வீட்டில் எல்லோரும் மண்ணை நறநறவென்று கடித்தபடி முகம் சுளிக்காமல் குடித்தார்கள். பயறு அவியுமுன் பனங்கட்டியைச் சேர்த்தால் பயறு பிறகு எளிதில் மெதுவாகாது. ஆகவே இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். தேங்காய்ச் சொட்டையும், பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, ஏலக்காயையும் சேர்த்து, கடைசியாக முதற்பாலை விட்டு ஒரு கொதி எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். முதற்பால் நெடுநேரம் கொதித்தால் திரிந்துவிடும்.

பனங்கட்டி குட்டானில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓலைக் குட்டானைப் பிரிப்பது பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் கித்துள் கருப்பட்டி ஓரளவுக்கு ஈடு செய்யும். வெள்ளைச் சீனி போட்டால் இனிப்பிருக்கும், ஆனால் அதை ஆடிக்கூழ் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கொழுக்கட்டைக்கு, அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை, ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து உள்ளே வைத்து, கொதிநீரில் குழைத்த மாவை வட்டமாகத் தட்டி அரைவட்டமாக மூடி, விளிம்பைப் பல்லுப் பல்லாக அழுத்தி, பதினைந்து நிமிடம் ஆவியில் அவித்தால் போதும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புவோர், கூழ் மட்டும் காய்ச்சிக் கொழுக்கட்டையை விட்டுவிடலாம். இரண்டையும் செய்ய வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமைவரை தள்ளிப்போடுவதைவிட, ஆடி பிறந்த அன்றே கூழை மட்டும் காய்ச்சுவது மேல் என்பது என் கருத்து. அதே மாதத்தில் வருகின்ற ஆடி அமாவாசை, இறந்த தந்தையரை நினைத்து விரதமிருக்கும் நாள். வசதிக்காக இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடாதீர்கள்.

படையலுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. குத்துவிளக்கேற்றி, வாழையிலையில் கூழும் கொழுக்கட்டையும் வாழைப்பழம், மாம்பழம், வெற்றிலை, பாக்குடன் வைத்துக் கும்பிட்டால் போதுமானது. ஊரிலென்றால் முற்றத்துப் பலாமரத்தடியில் பிலாவிலை பொறுக்கி வந்து, மடித்து ஈர்க்கால் குத்திக் கோலி, அதிலேதான் கூழ் குடிப்பார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்கென இயற்றிய ஆடிப்பிறப்புப் பாடலிலும் இந்தப் பலாவிலை வருகிறது. பனி நாடுகளில் பிலாவிலைக்கு எங்கே போவது? சிரட்டையைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து அதில் வார்த்துக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடிக் கோப்பையில் கூழுக்கு அந்தச் சுவை வராது.

கூழை எப்போதும் வீட்டுத் தேவைக்கு மேல் ஒரு சட்டி கூடுதலாகக் காய்ச்சுவதே வழக்கம், அயல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்காக. வேற்றுமொழி பேசும் அயலவர்களானால் உள்ளே தேங்காயும் பயறும் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிஞ்சிய கூழ் குளிர்சாதனப் பெட்டியில் இரவோடு இறுகிக் களிபோலாகிவிடும். மறுநாள் காலையில் அரைக் கோப்பை வெந்நீர் விட்டு, மெல்லிய நெருப்பில் துழாவிச் சூடாக்கினால் மீண்டும் குடிக்கும் பதத்துக்கு வரும்.