ஃபிஷ் ஃபைண்டருக்கு எந்த பேட்டரி? முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து கிளம்பி, உபின் தீவைத் தாண்டியதும் ஒரு பாறை மேட்டை ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்கடியில் இருப்பதை ஒலியலையால் காட்டும் கருவி) திரையில் பிடித்துவிட்டோம். களவா மீன் கிடக்கும் இடம் மாதிரியே இருந்தது. நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போனதால் படகோட்டும் அங்கிள் மறுபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். பட்டென்று திரை கறுத்துவிட்டது. லோகோ வந்து, எச்சரிக்கைப் பக்கம் வந்து, படம் திரும்ப வருவதற்குள் மேடு எங்கே போனதென்று தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் இப்படி ஐந்தாறு தடவை.

மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த வாரம் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய்ப் படகு பேட்டரியின் இரு முனையிலும் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். சாவியைத் திருப்பிய நொடியில் 9.4. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் 14.1. அந்த ஒரு நொடிச் சரிவைத்தான் ஃபிஷ் ஃபைண்டரால் தாங்க முடியவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் கண நேரத்துக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். பக்கத்தில் தொங்கும் சின்னக் கருவி பட்டினி கிடக்கும்.

ஆகவே இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, திரைக்குத் தனியாக ஒன்று. இரண்டாவதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இனி.

படி 1: கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள்

பலரும் இதைச் செய்வதில்லை. கடைக்காரர் “எவ்வளவு பெரிசு வேணும்?” என்று கேட்டால் முழித்துவிட்டு, தேவைக்கு மூன்று மடங்கை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கருவியின் கையேட்டில் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று இருக்கும். வாட் மட்டும் போட்டிருந்தால் 12ஆல் வகுத்துவிடுங்கள். 12 வாட் என்றால் 1 ஆம்ப். ஏழு அங்குலத் திரை உள்ள சாதாரண மாடல்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். நம்மூர் வெயிலில் திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் குறைந்த வெளிச்சத்தில் எடுத்த கணக்கை நம்ப வேண்டாம்.

என் கணக்கு இது. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை 8 மணி நேரம், 1 ஆம்ப். ஆக 8 ஏஹெச் (ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). இருட்டில் எரியும் எல்இடி விளக்கு 0.2 ஆம்ப், இரண்டு மணி நேரம், அது 0.4. மொத்தம் 8.4 ஏஹெச்.

போன் சார்ஜ் செய்வதையும் இதில் சேர்க்கலாம்தான். நான் சேர்ப்பதில்லை, போனுக்குப் பவர் பேங்க் போதும். மலிவான யூஎஸ்பி சார்ஜரை அதே பேட்டரியில் மாட்டியபோது திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்தது. மீன் கூட்டம் என்று நினைத்து அரை மணி நேரம் தூண்டில் போட்ட ஆள் நான்.

இன்னொன்று: படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பை இந்த பேட்டரியில் மாட்டாதீர்கள். அது உயிர்காக்கும் சாமான், படகின் சொந்த பேட்டரியிலேயே இருக்கட்டும்.

படி 2: எந்த வகை?

நடைமுறையில் இரண்டு வகைதான் போட்டி.

முதலாவது சீல் செய்த லெட் ஆசிட், ஏஜிஎம் என்றும் விற்பார்கள். விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். 18 ஏஹெச் என்று எழுதியிருந்தால் மனத்தில் 9 என்று வாசியுங்கள். அந்த 18கூட 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல உறிஞ்சினால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் இன்னும் குறையும்.

இரண்டாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம், எடை குறைவு, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். உள்ளே பிஎம்எஸ் என்ற காவல்காரப் பலகை இருக்கும். அதிகமாக ஏற்றினாலும் இறக்கினாலும் அதுவே துண்டித்துவிடும்.

என் 8.4 ஏஹெச் தேவைக்கு லெட் ஆசிட்டில் 18 ஏஹெச் வேண்டும், ஐந்து கிலோவுக்கு மேல். எல்எஃப்பியில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக விட்டாலும் 12 ஏஹெச் போதும், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து லிஃப்டில் இறங்கி, ஒரு கையில் தூண்டில், ஒரு கையில் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். படகு சொந்தமாக இருந்து, பேட்டரி அதிலேயே கிடக்கும் என்றால் லெட் ஆசிட்டும் மோசமில்லை. நானாக இருந்தால் எல்எஃப்பிதான்.

டிரோன், ரிமோட் கார் ஆட்கள் வைத்திருக்கும் லித்தியம் பேக்கை மாட்டலாமா என்று தம்பி ஒருவன் கேட்டான். மூன்று செல் பேக் முழு சார்ஜில் 12.6 வோல்ட், காலியாகக் காலியாக வேகமாக இறங்கும். முழுதாகக் காலியாகும் முன்பே திரை அணைந்துபோகலாம். நான்கு செல் பேக் முழு சார்ஜில் 16.8 வோல்ட். உங்கள் கருவி எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கையேட்டில் பார்க்காமல் அதை மாட்டினால் கருவிக்கே ஆபத்து. எல்எஃப்பியில் நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6. இன்ஜின் ஓடும்போது படகில் வரும் அளவுதான் அது, பயமில்லை.

படி 3: திரையில் தெரியும் வோல்ட்டை நம்பலாமா?

லெட் ஆசிட் என்றால் ஓரளவு நம்பலாம். ஓய்வில் 12.7 இருந்தால் முழுசு, 12.1 பக்கம் வந்தால் பாதி.

எல்எஃப்பி அப்படியில்லை. காலையிலும் 13.2, மதியமும் 13.1 என்று சாதுவாக நிற்கும். கடைசியில் மலை விளிம்பிலிருந்து விழுகிற மாதிரி சரிந்து, பிஎம்எஸ் துண்டித்துவிடும். மீதி எவ்வளவு என்று வோல்ட்டைப் பார்த்துக் கணிக்க முடியாது. கடிகாரத்தைப் பாருங்கள்.

படி 4: ஃபியூஸ், ஒயர், டப்பா

ஃபியூஸ் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள். கருவி எடுப்பது 1 ஆம்ப்தானே, எதற்கு என்று தோன்றும். ஆனால் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். ஒயர் சிவந்து புகையும். கையேட்டில் சொன்ன அளவு ஃபியூஸ், பெரும்பாலும் 3 ஆம்ப், பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

சின்ன பேட்டரிகளின் முனை தட்டையான தகடாக இருக்கும். எஃப்1 என்றால் 4.8 மில்லிமீட்டர் அகலம், எஃப்2 என்றால் 6.35. தப்பான அளவில் கிளிப் வாங்கி, குறட்டால் நசுக்கி மாட்டினேன். இரண்டாவது அலையிலேயே கழன்றது. பேட்டரியின் முனையை அளந்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவர் போங்கள். ஃபியூஸ் ஹோல்டர், கிளிப், ஈயம் பூசிய செம்பு ஒயர் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சாதாரணச் செம்பு உப்புக் காற்றில் சில மாதத்திலேயே பச்சை பூத்துவிடும்.

டப்பாவுக்கு, நான்கு பக்கமும் பூட்டும் சாப்பாட்டு டப்பாவே போதும். ஒயர் வெளியே வரும் ஓட்டையில் ரப்பர் உள்ள கேபிள் கிளாண்ட் (தண்ணீர் புகாமல் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் திருகு மூடி) போடுங்கள். லெட் ஆசிட் வைத்திருந்தால் சார்ஜ் ஏற்றும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். ஹைட்ரஜன் வாயு வரக்கூடும்.

படி 5: சார்ஜர்

எல்எஃப்பிக்கு அதற்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜர். பழைய கார் பேட்டரியை உயிர்ப்பிக்கும் ‘ரிப்பேர்’ பொத்தான் உள்ள சார்ஜரை இதில் மாட்ட வேண்டாம்; அது துடிப்புத் துடிப்பாக அதிக வோல்ட் அனுப்பும்.

பழக்கமும் வகைக்கு வகை மாறும். லெட் ஆசிட்டை வந்த அன்றே முழுதாக ஏற்றிவிட வேண்டும். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டுவிடும். எல்எஃப்பியைப் பல வாரம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வேண்டாம். எதுவானாலும் இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

படி 6: வீட்டிலேயே சோதனை

பேட்டரியை முழுதாக ஏற்றி, ஃபிஷ் ஃபைண்டரை மாட்டி, சென்சாரை ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, எல்எஃப்பி என்றால் அணையும் வரை ஓடவிடுங்கள்; லெட் ஆசிட் என்றால் பாதியானதும் நிறுத்திவிடுங்கள். ஆழம் என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், கண்டுகொள்ள வேண்டாம். “வாளிக்குள்ள என்ன மீன் தேடுற?” என்று அம்மா கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

என் எல்எஃப்பி 11 மணி 20 நிமிடம் ஓடியது. அந்த எண்ணையும் தேதியையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வாளி. முதல் வரிக்குக் கீழே இப்போது 11 மணி என்று இன்னொரு வரி இருக்கிறது.