ஸ்டார்ச்–கைட்டோசான் பிலிம்: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் மரவள்ளி ஸ்டார்ச்சையும், இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் கலந்து மக்கும் பிலிம் போட வருகிறார், நாங்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார். கரைசலில் கட்டி தட்டுவது, குமிழியோடு ஊற்றுவது எல்லாம் ஒரு தட்டு கெட்டாலே புரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

ஈரப்பதத்தைச் சரிசெய்யாமல் இழுப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். காய்ந்த பிலிமை உரித்து, நேராக யுடிஎம்மில் (இழுத்து வலிமை அளக்கும் கருவி) மாட்டி இழுத்து, வந்த எண்ணை ஆய்வேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். இந்தப் பிலிமை நெகிழ வைப்பது நாம் சேர்க்கும் கிளிசரால் மட்டுமல்ல, தண்ணீரும்தான். காற்றில் ஈரம் கூடினால் அது பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து வலிமையை இறக்கும், நீட்சியை ஏற்றும். கிளிசரால் வேறு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஒரு மாணவியின் தரவில் வலுவுக்காக நானோ களிமண் சேர்த்த பிலிம், சேர்க்காததைவிடப் பலவீனமாக இருந்தது. ஏன் என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார், நல்ல விளக்கம்தான். தேதியைக் கேட்டேன். களிமண் இல்லாதது மே மாதம் இழுத்தது, களிமண் பிலிம் நவம்பரில், சென்னை மழையில்! மறுபடி செய்யலாம் என்றால் பழைய கைட்டோசான் தீர்ந்துவிட்டது, புது டப்பாவில் அசிட்டைல் நீக்க அளவு (கைட்டோசான் தயாரிப்பில் அசிட்டைல் தொகுதிகள் எவ்வளவு நீக்கப்பட்டன என்பது) வேறு, ஆக எல்லாமே முதலிலிருந்து.

டெசிகேட்டரின் (இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரம்) அடியில் மெக்னீசியம் நைட்ரேட் நிறைகரைசல் வையுங்கள், 25 டிகிரியில் ஈரப்பதம் சுமார் 53% நிற்கும். கரையாத உப்பு அடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிலிமைக் குறைந்தது 48 மணி நேரம், எடை மாறாமல் நிற்கும்வரை விடுங்கள். எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெல்லிய பிலிம் சீக்கிரமே அறைக் காற்றின் ஈரத்துக்கு மாறிவிடும். அப்புறம், ஸ்டார்ச் நாளாக நாளாக இறுகும், அதனால் ஒப்பிடும் பிலிம்களுக்கு வயதும் ஒன்றாக இருக்கட்டும்.

கைட்டோசானில் ஆல்ஜினேட்டை அப்படியே ஊற்றுவது

ஊற்றாதீர்கள். கைட்டோசானுக்கு நேர் மின்சுமை, கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டுக்கு எதிர் மின்சுமை, உடனே திரியும்.

தடிமனை ஓர் இடத்தில் மட்டும் அளப்பது

ஓரமும் நடுவும் ஒன்றல்ல.

பிலிம் தண்ணீரில் கரைகிறதே என்று கிராஸ்லிங்கரை (சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் பொருள்) தேடி ஓடுவது

1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்தீர்கள், காய்ந்தபின் கைட்டோசான் அசிட்டேட் உப்பாகவே நிற்கிறது, அது கரையத்தான் செய்யும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சற்று முக்கிக் கழுவிப் பாருங்கள். கிளிசராலும் கொஞ்சம் போய்விடும், அதை மனதில் வையுங்கள்.

மண்ணில் புதைத்து, எடை குறைந்தால் மக்கிவிட்டது என்பது

ஆரம்ப நாட்களில் குறையும் எடையில் பெரும்பங்கு கிளிசரால் ஈர மண்ணில் கரைந்து போனதாக இருக்கலாம். மக்கியது என்று சொல்ல, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்க வேண்டும், உரமாக்கும் சூழலில் அதை அளக்கும் சர்வதேசத் தரமுறையான ஐஎஸ்ஓ 14855 அதற்குத்தான். வசதி இல்லையா, சரி, தலைப்பில் 'எடை இழப்பு' என்று மட்டும் போடுங்கள்.